ஊரடங்கில் வீட்டைக் காலி செய்தால் வாடகை எந்த நாளோடு நிற்கும்?

2020 மார்ச் 24 நள்ளிரவோடு நாடு அடைக்கப்பட்டது. முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது. வாடகை வீட்டில் இருந்த பலருக்கு ஏப்ரலில் சம்பளம் வரவில்லை. சிலருக்கு வேலையே போய்விட்டது. வீட்டை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்றால் பஸ் ஓடவில்லை, சாமான் ஏற்றக் குட்டியானை கிடைக்கவில்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் கிடைக்கவில்லை. சாமானை அப்படியே போட்டுப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது, பூட்டிக் கிடந்த அத்தனை மாதங்களுக்குமான வாடகை அவர்களுடைய அட்வான்ஸில் கழிக்கப்பட்டிருந்தது.

"நாங்கள்தான் அங்கே இல்லையே" என்பது குடியிருந்தவர் வாதம். "சாவி உங்களிடம்தானே இருந்தது" என்பது வீட்டுக்காரர் வாதம். சட்டம் பெரும்பாலும் இரண்டாவது வாதத்தின் பக்கம் நிற்கிறது. வாடகை நிற்பது ஊருக்குப் போன நாளிலும் அல்ல, ஊரடங்கு அறிவித்த நாளிலும் அல்ல; வீட்டின் சுவாதீனம் உரிமையாளர் கைக்குத் திரும்பிய நாளில். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டவர்கள், சாவியை நேரில் கொடுக்க முடியாத நிலையிலும் வேறு வழியில் சுவாதீனத்தை ஒப்படைத்துத் தப்பித்தார்கள்.

2023 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வந்தபோது சில பகுதிகள் அடைக்கப்பட்டன. அடைப்பு இனி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் 2020, 2021 அனுபவத்தை வைத்து, தமிழ்நாட்டு வாடகைதாரர் ஒருவர் அறிந்திருக்க வேண்டியவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

வீட்டு வாடகை என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு குத்தகை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதை வெறும் ஒப்பந்தமாகப் பார்ப்பதில்லை. சொத்தில் ஓர் உரிமை கைமாறுவதாகப் பார்க்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு அந்த வீடு உங்கள் அனுபவத்தில் இருக்கிறது, அதற்கான விலை வாடகை. நீங்கள் உள்ளே தூங்கினீர்களா, ஊரில் இருந்தீர்களா என்பது இந்தக் கணக்கில் வராது.

சுவாதீனம் என்றால் வீடு யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது. உங்கள் பூட்டு தொங்கினால், உங்கள் பீரோ உள்ளே இருந்தால், சுவாதீனம் உங்களுடையது.

லாக்-இன் என்றால் இத்தனை மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை. நோட்டீஸ் காலம் என்றால் காலி செய்வதாகச் சொன்னதற்கும் காலி செய்வதற்கும் இடையில் இருக்க வேண்டிய நாள்கள். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். லாக்-இன் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்கும் உரிமையே வரும் என்று சில ஒப்பந்தங்கள் சொல்லும். லாக்-இன் ஓடும்போதே நோட்டீஸ் கொடுக்கலாம் என்று சில சொல்லும். உங்கள் பத்திரத்தில் உள்ள வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

ஊரடங்கு வாடகையைத் தானாக நிறுத்துமா?

நிறுத்தாது. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் விளங்கும்.

1. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 56-ஆம் பிரிவு, நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது. 2020-இல் பலர் பிடித்துக்கொண்ட கயிறு இதுதான். ஆனால் குத்தகைக்கு 56-ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே, ராஜா துருவ் தேவ் சந்த் வழக்கில் சொல்லிவிட்டது. வீடு ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்டதால், அந்தக் கைமாற்றம் நிறைவேறிய ஒன்று.

2. குத்தகைக்கென்று தனியாக இருப்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, (B)(e) உட்பிரிவு. தீ, புயல், வெள்ளம், படை அல்லது கும்பலின் வன்முறை, தடுக்க முடியாத வேறு சக்தி ஆகியவற்றால் சொத்தின் முக்கியமான பகுதி முழுவதும் அழிந்தாலோ, எதற்காக வாடகைக்கு எடுத்தோமோ அதற்குக் கணிசமாகவும் நிரந்தரமாகவும் பயன்படாமல் போனாலோ, குத்தகையைச் செல்லாததாக்கிக்கொள்ளும் விருப்பம் வாடகைதாரருக்கு உண்டு. இதில் கவனிக்க வேண்டிய சொல் "நிரந்தரமாக". கொரோனா சுவரை இடிக்கவில்லை, ஊரடங்கு நிரந்தரமும் இல்லை.

3. இவை இரண்டையும் ஊரடங்குக்கே பொருத்திப் பார்த்த தீர்ப்பு 2020 மே 21 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்தது. ராமானந்த் எதிர் டாக்டர் கிரீஷ் சோனி என்ற அந்த வழக்கு, கான் மார்க்கெட்டில் உள்ள ஒரு கடை பற்றியது. வெளியேற்ற உத்தரவுக்குத் தடை வாங்கியிருந்த வாடகைதாரர், அந்தத் தடைக்கு நிபந்தனையாக மாதம் 3.5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஊரடங்கில் கடை மூடிக் கிடந்ததால் அதை நிறுத்திவைக்கக் கேட்டார். தற்காலிகமாகப் பயன்படுத்த முடியாமல் போனது வாடகையை நிறுத்தக் காரணம் ஆகாது என்றார் நீதிபதி பிரதிபா எம். சிங். கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கிடைத்தது.

4. அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. ஒப்பந்தத்திலேயே, நம் கையில் இல்லாத பெரும் தடங்கல்களுக்கான ஃபோர்ஸ் மெஜர் எனப்படும் பிரிவு இருந்து, பெருந்தொற்று அல்லது அரசுத் தடை வந்தால் வாடகை நிறுத்தம் அல்லது குறைப்பு உண்டு என்று எழுதியிருந்தால், அந்த வாசகம்தான் செல்லும். கடை, அலுவலக ஒப்பந்தங்களில் இது இருக்கும். சாதாரண வீட்டு வாடகைப் பத்திரத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஸ்டாம்ப் வெண்டர் வைத்திருக்கும் பழைய மாதிரியைத்தான் பெயர் மாற்றி அடிக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைச் சலுகை வங்கிக் கடனுக்கானது. வீட்டுக்காரருடைய இஎம்ஐ தள்ளிப்போனால் உங்கள் வாடகையும் தள்ளிப்போக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

மார்ச் 29 ஆணை சொன்னதும் சொல்லாததும்

"மத்திய அரசே வாடகை கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது" என்ற செய்தி அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதற்கு மூலம் உண்டு. 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் ஓர் ஆணை போட்டது. அதில் வாடகை பற்றி இரண்டு விஷயங்கள் இருந்தன.

முதலாவது, புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் இடங்களில் உரிமையாளர் ஒரு மாத காலத்துக்கு வாடகை கேட்கக் கூடாது. இரண்டாவது, தொழிலாளர்களையோ மாணவர்களையோ காலி செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் உரிமையாளர் மீது அந்தச் சட்டத்தின்படி நடவடிக்கை வரும். சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இதன் எல்லைகளைக் கவனியுங்கள். "கேட்கக் கூடாது" என்றுதான் இருக்கிறது. "தள்ளுபடி" என்ற சொல் இல்லை. காலம் ஒரு மாதம். வாடகை விஷயத்தில் பயனாளி தொழிலாளர். மாணவருக்குக் கிடைத்தது வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு. அடுக்குமாடியில் இருக்கும் ஐடி ஊழியர் இதில் வருவாரா என்பது தெளிவாக இல்லை. கடைசியாக, மே 17 அன்று வந்த புதிய ஆணை, அதே சட்டத்தின் கீழ் போடப்பட்ட முந்தைய ஆணைகள் மே 18 முதல் செல்லாது என்றது. ஏழு வாரம் உயிரோடிருந்த ஆணை அது. யாருக்காகப் போடப்பட்டதோ அந்தத் தொழிலாளிக்கு, அப்படி ஒன்று இருப்பதே அவர் மொழியில் போய்ச் சேரவில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஆணையின் நகலைக் கையில் வைத்துப் பேசியவர்களுக்குத்தான் அது பயன்பட்டது.

காலி செய்யும் உரிமை எங்கிருந்து வருகிறது?

இங்கே வாடகைதாரர் கை ஓங்கியே இருக்கிறது. வாடகை நிற்கவில்லை என்றாலும், காலி செய்யும் உரிமையை எந்த ஊரடங்கும் பறிக்கவில்லை.

1. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நோட்டீஸ் காலம். நம் ஊரில் வழக்கமாக ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம்.

2. ஒப்பந்தமே இல்லை, அல்லது நோட்டீஸ் பற்றிப் பேச்சே இல்லை என்றால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவு. குடியிருப்பு வாடகை மாதத்துக்கு மாதம் ஓடுவதாகக் கொள்ளப்பட்டு, 15 நாள் நோட்டீஸில் முடிவுக்கு வரும். நாள் எண்ணத் தொடங்குவது நோட்டீஸ் கிடைத்த தேதியிலிருந்து. அனுப்பிய தேதியிலிருந்து அல்ல. தபால் தாமதமான ஊரடங்கு நாள்களில் இந்த வேறுபாடு பணத்தில் தெரிந்தது.

3. 11 மாத ஒப்பந்தம் ஊரடங்குக்குள் முடிந்துவிட்டால், அது தானாகவே முடிந்ததுதான். ஆனால் நீங்கள் இருந்து, அவர் வாடகை வாங்கினால் மாதத்துக்கு மாதம் தொடர்வதாக ஆகும். அவர் வாங்க மறுத்தால் சிக்கல்: காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் கூடுதல் வாடகை கேட்கத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வழி தருகிறது. மத்திய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறது. பேரிடர் நடக்கும்போது ஒப்பந்தம் முடிந்தால், பேரிடர் ஓய்ந்து ஒரு மாதம் வரை பழைய நிபந்தனையிலேயே இருக்க விட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மாதிரி மட்டுமே, மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் கட்டுப்படுத்தும். அதிலுள்ள பேரிடர்ப் பட்டியலில் போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் என்று வரிசை போகிறது. பெருந்தொற்று என்ற சொல் பெயர் சொல்லி இல்லை. கொரோனாவுக்குப் பிறகு வந்த சட்டத்தில் அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

4. இருவரும் சம்மதித்தால் எதுவும் தடையில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, வாடகைதாரர் தன் உரிமையை ஒப்புக்கொடுத்து உரிமையாளர் ஏற்றுக்கொண்டால் குத்தகை அந்த நொடியே முடிகிறது என்கிறது. எழுதியும் செய்யலாம், சாவியைக் கொடுத்து, மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வதன் மூலமும் ஆகலாம். ஊரடங்கில் எனக்குச் சிறந்ததாகத் தெரிவது இந்த வழியே. லாக்-இன், நோட்டீஸ் எல்லாவற்றையும் இது தாண்டிவிடும்.

லாக்-இன் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியேற வேண்டியிருந்தால், மீதி மாதம் அத்தனைக்கும் வாடகை கட்ட வேண்டும் என்று பயந்துவிட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு, பத்திரத்தில் எழுதிய தொகையை உச்ச வரம்பாக வைத்து அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது. 73-ஆம் பிரிவின் விளக்கம், நஷ்டத்தைக் குறைக்க அவருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. அடுத்த மாதமே வேறு குடித்தனம் வந்திருந்தால், உங்களிடம் ஆறு மாத வாடகை கேட்பது நிற்காது. புதுக் குடித்தனம் எப்போது வந்தது என்பதை அக்கம்பக்கத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியை நேரில் கொடுக்க முடியாதபோது

தகராறாகும் விவகாரங்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. ஒவ்வொரு படியிலும் எது தவறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. நோட்டீஸ். 106-ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். தபாலில் அனுப்பலாம், அவரிடமோ, அவர் வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ பணியாளரிடமோ நேரில் கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் அந்தச் சொத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். வாட்ஸ்அப்பில் "சார், அடுத்த மாசம் காலி பண்றோம்" என்று ஒரு வரி தட்டினால், அவர் ஒப்புக்கொண்டால் போதும், மறுத்தால் போதாது. அதனால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, அதையே ஸ்பீட் போஸ்ட்டிலும் போடுங்கள். 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீதிமன்ற நோட்டீஸ்களை மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்ப அனுமதித்தது உண்மைதான். அது நீதிமன்ற நடவடிக்கைகளுக்குத் தந்த வசதி, உங்கள் பத்திரத்தின் வாசகத்தை மாற்றாது. நோட்டீஸில் இருக்க வேண்டியவை: இருவர் பெயர், வீட்டு விலாசம், ஒப்பந்தத் தேதி, காலி செய்யும் தேதி, இனி உங்களைத் தொடர்புகொள்ளும் விலாசம், அட்வான்ஸ் போட வேண்டிய வங்கிக் கணக்கு.

2. சாமான். சாவி கொடுத்தாலும் சாமான் உள்ளே இருந்தால் அது காலி சுவாதீனம் ஆகாது. 2020 ஏப்ரல் 15 வழிகாட்டுதலுக்குப் பிறகு இரண்டு ஓட்டுநர், ஓர் உதவியாளருடன் சரக்கு வண்டிகள் ஓட அனுமதி இருந்தது. ஆனால் தகரம் அடித்து அடைக்கப்பட்ட தெருவுக்குள் வண்டி வராது, ஏற்றி இறக்க ஆள் கிடையாது, அடுக்குமாடி அசோசியேஷன் வெளியாளை விடாது. இப்படி முடியாமல் போனால் இரண்டு வழி. ஒன்று, யார் சாமான் எடுப்பதைத் தடுத்தார்களோ அவர்களிடமிருந்து அதை எழுத்தில் வாங்குவது. அசோசியேஷன் குழுவில் வந்த அறிவிப்பின் படமும் போதும். இன்னொன்று, சாமானை ஓர் அறையில் ஒதுக்கிப் பூட்டிவிட்டு மீதி வீட்டை ஒப்படைத்து, அந்த அறைக்குக் குறைந்த தொகை பேசிக்கொள்வது. இரண்டாவது வழி பலருக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரருக்கும் லாபம், வீட்டைக் காட்டி அடுத்த ஆளைத் தேட ஆரம்பிக்கலாம். எந்த அறை, எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

3. வீடியோ. பகல் வெளிச்சத்தில், வெட்டாமல், தெருக்கதவில் தொடங்கி ஒரே ஓட்டமாக எடுங்கள். ஈபி மீட்டரின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு சுவர், தரை, குழாய், ஃபேன், கெய்ஸர், ஜன்னல் கண்ணாடி, பாத்ரூம், சிங்க்கின் கீழ்ப்பக்கம், மொட்டைமாடிக் கதவு வரை. ஃபேனைப் போட்டுக் காட்டுங்கள், குழாயைத் திறந்து காட்டுங்கள். கடைசியில் சாவிகளை எண்ணிக் காட்டிக் கதவைப் பூட்டுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரமும் குறையும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், மூலக் கோப்பை போனிலிருந்து அழிக்காதீர்கள். அன்றே அனுப்புவது முக்கியம். மூன்று மாதம் கழித்து அனுப்பிய வீடியோவுக்கு மதிப்புக் குறைவு.

4. சாவி. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன் என்பது ஒப்படைப்பு ஆகாது, உரிமையாளர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைத் தன் சார்பில் வாங்கச் சொல்லியிருந்தால் ஒழிய. "சாவியை இரண்டாம் மாடியில் இருப்பவரிடம் கொடுங்கள்" என்று அவர் எழுதிய ஒரு செய்தி லட்ச ரூபாய் பெறும். வாட்ச்மேனிடம் கொடுத்தாலும் இதே விதி. கூரியரிலும் அனுப்பலாம், எத்தனை சாவி, எந்தப் பூட்டுக்கு என்று ஒரு தாள் உள்ளே வைத்து, உறையை மூடும்முன் படம் எடுங்கள்.

5. ஒப்புக்கொடுப்புக் கடிதம். இருவரும் கையெழுத்திட்ட படத்தை மெயிலில் பரிமாறிக்கொண்டாலே போதிய ஆதாரம். வாசகம் இப்படி இருக்கலாம்:

"மேற்படி வீட்டின் காலி சுவாதீனத்தை, மூன்று சாவிகளுடன், இன்ன தேதியில் உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டேன், உரிமையாளர் ஏற்றுக்கொண்டார். இந்தத் தேதியோடு வாடகை முடிகிறது. மீட்டர் அளவு இவ்வளவு. பாக்கி வாடகையும் மின் கட்டணமும் போக அட்வான்ஸில் திருப்பித் தர வேண்டியது இவ்வளவு; இன்ன தேதிக்குள் தரப்படும். இத்துடன் நோட்டீஸ் காலம், லாக்-இன் குறித்து இருவருக்கும் வேறு கோரிக்கை இல்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் பிரிந்தவர்களிடம்தான் பிறகு நோட்டீஸ் காலத்துக்கென்று ஒரு மாத வாடகை பிடிக்கப்பட்டது.

6. உரிமையாளர் சாவி வாங்க மறுத்தால்? அடுத்த ஆள் வரும்வரை நீங்களே கட்டுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. முறையான நோட்டீஸ் கொடுத்து, அதன் காலமும் முடிந்து, வீட்டையும் காலி செய்திருந்தால், ஒப்படைக்கத் தயார் என்று தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி எழுதுங்கள். மூன்றாவதாகச் சாவியை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தவர் அவர் என்பதை நிரூபிக்க அந்தப் பிரிக்காத உறை உதவும்.

ஒரு கணக்கு

மாத வாடகை 14,000, அட்வான்ஸ் 1,00,000. ஒரு மாத நோட்டீஸ் ஏப்ரல் 3 அன்று உரிமையாளருக்குக் கிடைத்தது. ஏப்ரல் வாடகை கட்டவில்லை. மின் பாக்கி 1,100.

சுவாதீனம் மே 3 அன்று எழுத்தில் ஒப்படைக்கப்பட்டால்: ஏப்ரல் 14,000, மே மாதத்தில் 3 நாளுக்கு 1,355, மின்சாரம் 1,100. மொத்தம் 16,455 போக, திரும்ப வர வேண்டியது 83,545.

நோட்டீஸ் அதே தேதிதான், ஆனால் சாமானோடு வீடு மே 20 வரை பூட்டிக் கிடந்தால்: மே மாதத்துக்கு 20 நாள், அதாவது 9,032. திரும்ப வருவது 75,868. ஒப்பந்தத்தில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை என்று இருந்தால் இன்னும் 14,000 போய் 61,868 ஆகும்.

பதினேழு நாள் தாமதத்துக்கு 7,677 ரூபாய். பூட்டிய வீடு ஆகஸ்ட் வரை கிடந்திருந்தால் அட்வான்ஸில் பெரும்பகுதி போய்விடும்.

அட்வான்ஸ்

"வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாகச் சொல்லிவிட்டுக் கட்டாமல் இருப்பது ஆபத்து. ஒப்பந்தத்தில் அந்த உரிமை இல்லாவிட்டால் அது வாடகை பாக்கிதான்; பாக்கி வெளியேற்றத்துக்கு ஒரு காரணம். அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை.

2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள, மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த விதிவிலக்கின் வழியாகத்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் தொடர்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம். வெள்ளையடிக்கும் செலவைப் பத்திரத்தில் எழுதியிருந்தால் பிடிக்கலாம். எழுதாவிட்டால், இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. ஆணி அடித்த ஓட்டை, உடைந்த கண்ணாடி வேறு கதை.

புது ஆள் வந்தால்தான் அட்வான்ஸ் தருவேன் என்பது ஊரடங்கில் அதிகம் கேட்ட பதில். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. ஆனால் ஓய்வூதியத்தோடு அந்த வாடகையையும் நம்பி வாழ்ந்த முதியவர்கள் பலர் வாங்கிய அட்வான்ஸைச் செலவழித்திருந்தார்கள் என்பதும் உண்மை. அங்கே தேதி போட்ட இரண்டு மூன்று காசோலைகளாகத் தவணையில் வாங்கியது வழக்கைவிட விரைவாகப் பணம் வந்த வழி.

காலி செய்யச் சொல்பவர் உரிமையாளராக இருந்தால்

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்ற உத்தரவு பெற்றுத்தான் வெளியேற்ற முடியும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது தனி விதிமீறல்; வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

மருத்துவர், செவிலியர், சுகாதாரப் பணியாளர் ஆகியோரை நோய் பரவும் என்று சொல்லி வீட்டைவிட்டு அனுப்பிய சம்பவங்கள் 2020 மார்ச்சில் நடந்தன. இரவெல்லாம் வார்டில் நின்றவரைக் காலையில் வாசலில் நிறுத்தியது நம் சமூகத்துக்குப் பெரிய அவமானம். ஏப்ரல் 22 அன்று வந்த தொற்றுநோய்ச் சட்டத் திருத்தம், இவர்களுடைய வாழ்விடச் சூழலையோ பணிச் சூழலையோ பாதித்துக் கடமை செய்ய விடாமல் தொந்தரவு செய்வதையும் வன்முறை என்று வரையறுத்தது. மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கியது.

மேன்ஷன், ஹாஸ்டல், பிஜி

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையோ, ஓஎம்ஆர் பிஜி கட்டிலோ பெரும்பாலும் குத்தகை அல்ல; தங்க அனுமதிக்கும் உரிமம் மட்டுமே. சாவியின் நகல் நிர்வாகத்திடம் இருக்கும், அறையை மாற்றவும் முடியும். அதனால் மேலே சொன்ன குத்தகை விதிகள் அப்படியே பொருந்தாது. சேர்க்கைப் படிவத்தில் உள்ள நிபந்தனைகளும் ஒப்பந்தச் சட்டமும்தான் ஆளும். இங்கே வாடகைதாரரின் வாதம் கொஞ்சம் வலுவானது: அரசு உத்தரவால் விடுதி மூடப்பட்டிருந்தால், தராத சேவைக்கு, குறிப்பாகச் சாப்பாட்டுக்குப் பணம் கேட்க முடியாது. கட்டணத்தை அறை, உணவு என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிரித்த பிறகு பேரம் எளிது.

மின் கட்டணமும் காலவரம்பும்

தமிழ்நாட்டில் மீட்டர் அளவு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. 2020 ஊரடங்கில் ஆள் வர முடியாததால் முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத அளவைச் சேர்த்து எடுத்து இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். நடுவில் காலி செய்தவருக்கும் வீட்டுக்காரருக்கும் இதில் பெரிய சண்டை. யூனிட் கூடக் கூட விலையும் கூடும் முறை என்பதால், நாளைப் பாதியாகப் பிரித்துத் தொகையைப் பங்கிடுவது சரியான கணக்கு அல்ல. காலி செய்த நாளின் மீட்டர் எண்ணைப் படமெடுத்து வைத்திருந்தால், உங்கள் யூனிட் எவ்வளவு என்பதில் சந்தேகமே வராது; அதற்கான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லலாம்.

அட்வான்ஸ் திரும்ப வராவிட்டால் பணம் கேட்டு வழக்குப் போட மூன்றாண்டு அவகாசம். கொரோனா காலத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒரு விலக்குத் தந்தது: 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாள்கள் காலவரம்புக் கணக்கில் சேராது. அந்த நாள்களுக்குள் காலி செய்தவருக்கு மூன்றாண்டு ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 1 அன்றுதான். 2025 பிப்ரவரி இறுதியோடு அது முடிந்தது. உரிமையாளர் அதற்கு முன் "தர வேண்டியது உண்மைதான், தருகிறேன்" என்று கையெழுத்தோடு எழுதித் தந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்றாண்டு புதிதாக ஓடும். பழைய கடிதங்களையும் மெயில்களையும் அழிக்குமுன் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.